ஒரு டிக்கெட்... ஐந்து நிலம்!

கோவில்பட்டியில், எட்டையபுரம் வழியாகத் தூத்துக்குடி போகும் பஸ்ஸில் ஏறி ஒரு ஜன்னலோர சீட்டைப் பிடியுங்கள். தூத்துக்குடியில் இறங்கி ஒரு டீ. அப்புறம் திருச்செந்தூர் பஸ். மொத்தம் நூறு கிலோமீட்டர் சொச்சம். சங்க காலத்துப் புலவர்கள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுப் பாடிய நிலங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குள் பார்த்து முடித்துவிடலாம். ஊட்டி, கொடைக்கானல் என்று எல்.டி.சி. போட்டு அலைகிறவர்கள் கவனிக்க!

பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டிருப்பீர்கள். குறிஞ்சி, மலையும் மலை சார்ந்த இடமும். முல்லை, காடும் காடு சார்ந்த இடமும். (எங்கள் ஆபீஸில் குறிஞ்சி என்றால் மேனேஜர் ரூமும் ரூம் சார்ந்த இடமும். பாலை என்றால் இருபத்தைந்தாம் தேதியும் அதற்குப் பிந்திய நாட்களும்.) அந்த ஐந்து நிலமும் ஒரே ஜில்லாவுக்குள், ஒரு பஸ் தூரத்தில் கிடக்கிறது என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் படித்தது பி.காம். வேறு. எனக்குத் தெரிந்த ஒரே நிலப்பிரிவு, அசையும் சொத்து - அசையாச் சொத்து.

திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 1986 அக்டோபர் 20-ம் தேதி பிறந்த ஜில்லா இது. முதலில் வ.உ.சி. பெயர், 1997-ல் தலைவர்கள் பெயரெல்லாம் நீங்கியபோது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. இன்றைக்குப் பத்து தாலுகா. கலெக்டர் ஆபீஸ் சுவரில் தொங்கும் மேப்பில் அந்தப் பத்தும் பத்து கலரில் அழகாக இருக்கும். மண்ணுக்கு அந்தக் கலர் தெரியாது. அது தனக்கென்று வேறு மேப் வைத்திருக்கிறது.

அந்த இரண்டாவது மேப்பைத் தேடி நான் கிளம்பியதற்குக் காரணம் ஒரு நோட்டீஸ். கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், கல்யாணமாகி இரண்டு வருஷம், லோன் கிடைக்கும் என்ற தைரியத்தில் ஊர்ப் பக்கம் பிளாட் வாங்கப் போனார். "கடல் காற்று, ஆற்று நீர், பத்து நிமிடத்தில் பைபாஸ்" என்று போட்டிருந்தது. என்ன மண், மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு வரி கிடையாது. "அதெல்லாம் யாரு சார் பார்க்கிறாங்க?" என்றார் நண்பர். அதைத்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

கோவில்பட்டியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரிசல். கறுப்பென்றால் கறுப்பு, அடுப்படிக் கறுப்பு. சித்திரை வெயிலில் நிலம் வெடித்திருக்கும்போது சில்லறையைக் கீழே போட்டால் பிறகு எடுக்க முடியாது. பூமாதேவி உண்டியலில் போட்டுக்கொள்வாள். முதல் மழை விழுந்துவிட்டாலோ செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். செருப்போடு நடந்தால் நூறடியில் இரண்டு அங்குலம் உயரமாகிவிடுவீர்கள்.

ஆறு கிடையாது, அணை கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பி, அது வருவதற்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருகிற விவசாயம். ஷேர் மார்க்கெட்டில் பணம் போட்டவனுக்குக்கூட விற்றுவிட்டு வெளியே வர வழி உண்டு; போட்ட விதையைத் திருப்பி எடுக்க முடியுமா? உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய். பாரதி பிறந்த எட்டையபுரமும் கி.ராஜநாராயணனின் இடைசெவலும் இந்தக் கறுப்பு மண்தான். இதை முல்லையில் சேர்ப்பதற்குத் தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம். மானாவாரியும் ஆட்டுக் கிடையும் இருக்கிற இடத்தை வேறு எதில் சேர்க்கச் சொல்கிறீர்கள்?

மழை குறைந்த இந்தக் காய்ந்த காற்றுதான் தீப்பெட்டித் தொழிலுக்குத் தோது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதாவது, இந்தப் பொருள் இந்த ஊருக்கே உரியது என்று சர்க்கார் சீல் குத்திவிட்டது.

பிளாட் வாங்குகிறவருக்கு ஒரு தகவல். கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அஸ்திவாரத்தில் கஞ்சத்தனம் பண்ணினால் மூன்றாவது வருஷமே சுவரில் கோடு விழும்.

குறிஞ்சி? ஆளைத் தேடத்தான் வேண்டும். கழுகுமலையில் ஒரு பாறை, வல்லநாட்டில் ஒரு குன்று. ஜில்லாவின் மலை பட்ஜெட் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் வல்லநாட்டுக் குன்றை லேசாக எடைபோட வேண்டாம். அங்கே வெளிமான்கள் இருக்கின்றன. இந்தியாவின் தென்கோடியில் இயற்கையாக வாழும் வெளிமான் கூட்டம் அதுதான் என்பதால் 1987-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். திருநெல்வேலி ரோட்டில் தினமும் போய் வருகிற ஆயிரக்கணக்கான பேருக்கு அது ஒரு போர்டு. நானும் பார்த்தது போர்டைத்தான். மான் தென்படவில்லை.

தூத்துக்குடி நெருங்குவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் கண் கூசுகிறது. உப்பளம்! உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்றால், அதற்குக் காரணம் இந்தக் கரை. கடல் தண்ணீர் சுமார் மூன்று டிகிரி. அதைவிடக் காரமான நிலத்தடித் தண்ணீரும் உண்டு. அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலில் வற்றவிட்டு, இருபத்தைந்து டிகிரிக்குப் பக்கத்தில் வரும்போது உப்பு இறங்கும். இந்த ஊரில் அந்த டிகிரிக்குத்தான் வேலை, என் பி.காம். டிகிரிக்கு இல்லை.

சிரித்தாயிற்று. அந்தப் பாத்தியில் வெறுங்காலோடு நின்று வாருபவர்களின் குதிகாலைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். மழைக்காலம் வந்துவிட்டால் அவர்களுக்கு வேலையே கிடையாது. கரிசல்காரர் மழைக்காக ஏங்கும் அதே அக்டோபரில், முப்பது கிலோமீட்டர் தள்ளி உப்பளக்காரர் வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறார். ஒரே கலெக்டர் இரண்டு மனுவையும் வாங்க வேண்டும்!

இந்த நிலங்களையெல்லாம் ஒரே கட்டாகக் கட்டி வெளிநாட்டுக்கு அனுப்பியது துறைமுகம். கரிசல் பருத்தி இங்கே வந்தது. 1888-ல் கோரல் மில் வந்தது. 1908-ல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில் வ.உ.சி. வந்தார். ஜில்லாவின் காய்ந்த நிலத்தில் விளையும் நிலாவாரை இலையும் இந்த வழியாகத்தான் கப்பலேறியது. "திருநெல்வேலி சென்னா" என்ற பெயரில் ஜெர்மனி மருந்துக் கடை வரைக்கும் அதற்கு மரியாதை. என்ன வியாதிக்கு என்றால்... மலச்சிக்கலுக்கு! நம் ஊர்ப் பெயர் ஐரோப்பியர்களின் காலை நேரத்தில் இப்படியாக நினைவுகூரப்படுகிறது.

புதிய துறைமுகம் 1974 ஜூலை 11-ல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. அதன் பக்கத்திலிருக்கும் முயல் தீவுக்கு இன்று ரோட்டிலேயே போகலாம். தீவு என்ற பெயர் மட்டும் பழைய ரேஷன் கார்டு அட்ரஸ் மாதிரி மாறாமல் நிற்கிறது.

திருச்செந்தூர் பஸ் பழையகாயல் தாண்டும்வரை வெள்ளை வெளேர். முக்காணியில் பாலம் ஏறியதும் யாரோ டக்கென்று சேனல் மாற்றிய மாதிரி பச்சை. தாமிரபரணி! வாழை, நெல், வெற்றிலைக் கொடிக்கால். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு. கோவில்பட்டி மிட்டாய் ஒரு மண், ஆத்தூர் வெற்றிலை ஒரு மண். சர்க்கார் தன்னையறியாமல் நம் இரண்டாவது மேப்பைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது!

பொதிகையில் புறப்பட்டு, எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி, புன்னைக்காயலில் கடலைத் தொடுகிற ஆறு. பாண்டியர்களின் முத்துத் துறைமுகமான கொற்கை இந்த ஆற்றங்கரையில்தான் இருந்தது. கிரேக்க மாலுமிகளின் குறிப்பிலும் தாலமியின் பூகோளத்திலும் பெயர் வாங்கிய ஊர். இன்றைக்குப் போய்ப் பாருங்கள். வயல், குளம், ஒரு வன்னி மரம். கடல் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி!

எங்கள் பாஷையில் சொன்னால், ஆறு வருஷா வருஷம் வண்டலை வரவு வைத்தது. கடல் பற்று எழுதிக்கொண்டே பின்வாங்கியது. கொற்கைக்குப் பிறகு பழையகாயல். மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டில் பார்த்து எழுதிய காயல் அதுதான் என்பது ஆராய்ச்சியாளர்கள் கணக்கு. அதையும் கடல் கைவிட்டது. துறைமுகம் நகர்ந்து நகர்ந்து கடைசியில் ஆற்று வாயே வேண்டாம் என்று தூத்துக்குடிக்குக் குடிபோய்விட்டது. இந்த ஊரில் நிலத்தின் எல்லை என்பது எப்போதுமே பென்சிலில் போட்ட கோடுதான்.

அழி ரப்பர் வந்தது 2023 டிசம்பர் 17, 18-ல்.

ஜில்லாவுக்கு வருஷம் முழுக்கப் பெய்யும் மழை சராசரி 65 செ.மீ. அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ.! திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூர் - சென்னை எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. முன்னால் தண்டவாளத்துக்குக் கீழே மண்ணே இல்லை. ஏரலில் பாலம் துண்டாகிப் போனது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகரத்துக்குள் நுழைந்தது.

தண்ணீர் கண்ணை மூடிக்கொண்டு ஓடவில்லை. அதற்கு வழி தெரிந்திருந்தது. பழைய ஓடை, பழைய வாய்க்கால், பழைய குளத்து உள்வாய். பட்டா மாறினாலும் அதற்கு ஞாபகம் மாறவில்லை. அந்தக் குளத்து உள்வாய்களிலும் வயல்களிலும் வீடு கட்டியிருந்தவர்களின் கட்டில், பீரோ, டி.வி., பிள்ளைகளின் சர்டிபிகேட் எல்லாம் மிதந்தன. ஏரல் பக்கம் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், சுவரில் தலைக்கு மேலே இருந்த சேற்றுக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். பெயின்ட் அடிக்காமல் வைத்திருக்கிறார்.

"ஏன் அண்ணாச்சி அப்படியே விட்டுட்டீங்க?"

"அடுத்தாப்ல எவனாவது இதை வெலைக்கி கேட்டு வந்தாம்னா காட்டணும்லா? மறைச்சி விக்கது பாவம் பாத்துக்கிடுங்க."

இதுவரை நான் பார்த்த ரியல் எஸ்டேட் நோட்டீஸ்களில் நேர்மையானது அந்தச் சேற்றுக் கோடுதான்.

அத்தனை மழையையும் வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி நின்ற நிலம் ஒன்றும் உண்டு. தேரி! திருச்செந்தூரிலிருந்து மேற்கே கொஞ்ச தூரம் போனால் காயாமொழி, குதிரைமொழித் தேரி. பாலை. முதல் தடவை பார்க்கிறவர் கட்டாயம் வாயைப் பிளப்பார். ரத்தச் சிவப்பு மணல், மேடு மேடாக, கண்ணுக்கெட்டிய வரை. சினிமாக்காரர்கள் இங்கே வந்து "ராஜஸ்தான்" எடுத்துவிட்டுப் போகலாம். கலர் மட்டும் ராஜஸ்தானைவிடத் தூக்கலாக இருக்கும்.

இது எப்படி வந்தது? ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி, ஈரத்தை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வறண்டு வரும் கச்சான் காற்று, உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலோரம் குவித்திருக்கிறது. ஒவ்வொரு மணலின் மேலும் இரும்புத் துரு மெல்லிய தோலாக ஒட்டியிருப்பதால் அந்தச் சிவப்பு. நேற்று வந்த மணலும் இல்லை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம், நாசரேத் பக்கத்துத் தேரிகளில் ஆதிமனிதர்களின் நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. விரல் நகம் அளவுக் கல் கத்திகள். சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு அறிஞர்கள் 1956-ல் அதைப் பற்றி எழுதியபோது, வயது சுமார் ஆறாயிரம் வருஷம் என்று மதிப்பிட்டார்கள்.

பாலை என்றதும் தண்ணீர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மழையைச் சொட்டு விடாமல் உள்ளே இழுத்து, அடிவாரத்தில் நிதானமாகக் கசியவிடுகிறது தேரி. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் மணல் நடுவே சுனையே இருக்கிறது. மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் தங்கும் நீர்நிலைக்கு இங்கே "தருவை" என்று தனிப்பெயர். மேலே உடை மரம், கொல்லாமரம், பனை. பனையிலிருந்து பதநீர், பதநீரிலிருந்து உடன்குடிக் கருப்பட்டி. என்னுடைய டீக்கடை அனுபவத்தில் சொல்கிறேன், அந்தக் கருப்பட்டிக் காப்பிக்கு முன்னால் மற்றதெல்லாம் வெந்நீர்.

சிவப்பு மணலுக்குள் இல்மனைட், கார்னெட் என்று காசும் இருக்கிறது. அதுதான் வம்பு. சாத்தான்குளம் பக்கத்துத் தேரியில் டைட்டானியம் எடுக்க டாடா நிறுவனம் 2007-ல் அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஜனங்கள் எதிர்த்தார்கள். நடக்கவில்லை. கடற்கரைத் தாதுமணல் எடுப்பதற்கு 2013-ல் தமிழ்நாடு அரசு தடை போட்டது.

குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். இடம் தேர்ந்ததற்குக் காரணமும் பூகோளம்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் நஷ்டம். குலசையிலிருந்து நேரே தெற்கு, வெறும் கடல். காற்று கொட்டிவிட்டுப் போன மணலுக்கு இப்படியொரு யோகம்!

ஐந்து நிலமும் முடிந்தது, டிக்கெட்டும் தீர்ந்தது. ஆனால் ஆறாவது ஒன்று பாக்கியிருக்கிறது. அதற்கு பஸ் கிடையாது.

தூத்துக்குடிக் கடலில் கரையிலிருந்து பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளி, ஏழு பாகம் முதல் பன்னிரண்டு பாகம் ஆழத்தில், மணல் தரைக்கு நடுவே பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. அவற்றுக்குப் பெயர் "பார்". முத்துச் சிப்பி ஒட்டி வளர்கிற இடம். ஒவ்வொரு பாருக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பெரும்புகழ் தொலையிரம் பாருக்கு. கண்ணுக்கே தெரியாத நிலத்தை வயலுக்கு வரப்புப் போட்ட மாதிரி பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள், சர்வேயர் இல்லாமல்!

பார்களில் சிப்பி நினைத்த வருஷம் விளையும், நினைத்தால் காணாமல் போகும். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் சும்மா கிடந்த கடல் 1955-ல் கண் திறந்து, 1961 வரை வருஷா வருஷம் முத்துக் குளிப்பு நடந்தது. அதுதான் கடைசி. கல்லைக் காலில் மாட்டி, மூச்சைப் பிடித்து இறங்குவார்கள். அந்தக் காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கு மந்திரக்காரர் வேறு வருவாராம், "கடல்கட்டி" என்று பெயர். இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கு மூதாதை! பிறகு 1973-ல் வேப்பலோடையில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் முத்தை வளர்த்தே காட்டிவிட்டார்கள். பார்களில் முத்துக் குளிப்பு மட்டும் திரும்ப வரவில்லை.

பார்களுக்கும் கரைக்கும் நடுவே தீவுகள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஏழு இந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. வான் தீவு, காசுவார், காரைச்சல்லி, விலாங்குசல்லி, வேம்பார் பக்கம் மூன்று. இதில் விலாங்குசல்லி இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் என்று பல வருஷங்கள் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற சுவரைப் பெயர்த்துவிட்டு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதே என்றால்? 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் நஷ்டக் கணக்கு எழுதியாகிவிட்டது. 1969-ல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த காரைச்சல்லி, 2024 அளவில் 3 ஹெக்டேர் சொச்சம். முழுகப் போன வான் தீவைக் காப்பாற்ற 2015-க்குப் பிறகு கடலுக்குள் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை வரிசையாக இறக்கினார்கள். தீவு தாக்குப்பிடித்து நிற்கிறது. காரைச்சல்லிக்கும் அதே வைத்தியத்தை அரசு அறிவித்திருக்கிறது. இந்தத் தீவுகள்தான் தூத்துக்குடிக்கு முன்னால் நின்று அலையை முதலில் வாங்குகின்றன. நம் நோட்டீஸ்காரர்கள் "கடல் காற்று" என்று விற்கிறார்களே, அந்தக் காற்றுக்குப் பின்னால் வரும் கடலைத் தடுத்து நிற்பது இவைதான்.

கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்தேன். எண்பதைத் தாண்டியவர். 1961-ல் பையனாகப் படகில் போயிருக்கிறார்.

"கடலுக்குள்ள பாரு இருக்கிற இடம் எப்படி ஐயா தெரியும்?"

"கரையப் பாத்துதான் தம்பி. கோயில் கோபுரத்தையும் ஒரு பனையையும் நேர்கோட்டுல வச்சிப் பாக்கணும். இந்தப் பக்கம் இன்னொரு அடையாளம். ரெண்டு கோடும் எங்கன முட்டுதோ, அங்கன நங்கூரம் போடு. கீழ பாரு கெடக்கும்."

"இப்பவும் கண்டுபிடிச்சிருவீங்களா?"

கையை நெற்றியில் வைத்துக் கரைப்பக்கம் திரும்பிப் பார்த்தார். புகைபோக்கிகள், துறைமுகத்துக் கிரேன்கள், செல்போன் டவர்கள், நாலு மாடி, அஞ்சு மாடி.

"கோபுரம் தெரியுது. பனையத்தான் காங்கல. அந்த எடத்துல பிளாட்டு போட்டுட்டான்."